ஈரத்துண்டில் ஒட்டிய பஞ்சு

பெத்ரா லிசா பள்ளிக்கூடத்துச் சரக்கறைச் சாவி பதினாறு வருடமாகச் சமையல்காரி நில்சேயாவின் கழுத்தில்தான் தொங்கியது. கறுப்புக் கயிற்றில் கோத்த ஒற்றைச் சாவி. குளிக்கும்போது மட்டும் கழற்றிச் சோப்பு டப்பாவின் பக்கத்தில் வைப்பாள். இருநூற்றுச் சொச்சம் பிள்ளைகளின் அரிசி, கறுப்பு பீன்ஸ், மக்ரோனி, வெள்ளிக்கிழமைக் கோழி எல்லாம் அந்தச் சாவிக்குப் பின்னால் இருந்தன. இத்தனை வருடத்தில் ஒரு கோழிக்கால் குறைந்தது கிடையாது. "நில்சேயாகிட்ட சாவி இருக்கிறவரைக்கும் எலிகூட பட்டினிதான்" என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவர் தலைமையாசிரியை மர்லூசி டீச்சர். அந்த டீச்சரே ஒருநாள் கையை நீட்டிச் சாவியைத் திருப்பிக் கேட்கும்படி ஆனது. காரணம் ஒரு செடி. அதுவும் நில்சேயா தன் கையால் விதையிலிருந்து வளர்த்த செடி.

செடி என்றால் புரோமேலியா. எங்கள் மலையில் பாறை கண்ட இடத்திலும் கிளை கண்ட இடத்திலும், ஏன், மின்கம்பியிலும்கூடத் தொற்றிக்கொண்டு வளரும் அன்னாசியின் பங்காளி. பூக்க வருடக்கணக்காகும். ஒருமுறை பூத்தால் அதன் கதை முடிந்தது. அடியில் கன்று விட்டுவிட்டு மெல்லக் காய்ந்துபோகும். பூவைப் பார்க்காமல் இன்ன செடி என்று அடித்துச் சொல்ல எந்தக் கொம்பனாலும் முடியாது.

நில்சேயா பிறந்தது கீழே, கடற்கரைப் பக்கம், மராத்தாயீசஸின் அன்னாசிக் காட்டில். எட்டு வயதில் கன்று நட ஆரம்பித்தவள். முழங்கை வரைக்கும் முள் கீறிய தழும்புகள் இன்னும் இருக்கின்றன. வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஜுவெந்தீனோவைக் கட்டிக்கொண்டு மலைக்கு வந்தாள். வந்த இடத்தில் வாய்த்த வீட்டுக்குப் பின்சுவரும் பல் டாக்டர் எவரிஸ்டோவின் தோட்டத்துச் சுவரும் ஒன்றேதான்.

டாக்டர் எவரிஸ்டோ ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிறது. எங்கள் ஊர் புரோமேலியா கிளப்பின் தலைவர். கண்ணாடி வீட்டுக்குள் முந்நூறு தொட்டி. ஒவ்வொன்றிலும் அலுமினியத் தகட்டில் எழுதிய பெயர். முந்நூறுக்கும் ராணி ஒன்று உண்டு. அதை அவர் 'சீமாட்டி' என்பார். இலை முழுக்கத் திராட்சை ரசத்தின் கறுஞ்சிவப்பு. பூந்தண்டு கிளை கிளையாகப் பிரிந்து வெள்ளைப் பூ விடும். சீமாட்டியின் கன்று ஒன்று கிடைக்காதா என்று கிளப்பில் பாதிப் பேர் அலைந்தார்கள். மனுஷன் தன் சொந்த மருமகனுக்கே கொடுக்கவில்லை. அப்படிப்பட்ட கஞ்சர்.

பள்ளி விடுமுறை நாட்களில் நில்சேயா அந்தக் கண்ணாடி வீட்டைக் கழுவிவிடப் போவாள். மூன்று கோடைக்காலம் போனாள். அவள் கையில் வாளி இருக்கும். அவள் பின்னாலேயே டாக்டர் இருப்பார். "அதைத் தொடாதே, இதை நகர்த்தாதே, அங்கே மூச்சு விடாதே" என்று ஒரே நச்சரிப்பு. நான்காவது கோடைக்கு அவள் போகவில்லை. அந்த வருடம்தான் சீமாட்டியின் கன்று ஒன்று காணாமல் போனது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

செடியின் கதை அதற்கும் ஏழு வருடம் முன்னால் தொடங்குகிறது. ஆகஸ்ட் மாதம், காற்றுக் காலம். நில்சேயா துவைத்த துண்டுகளைப் பின்கட்டுக் கொடியில் போட்டுவிட்டுக் காப்பி குடிக்க உள்ளே போனாள். திரும்பி வந்தால், ஈரத்துண்டு முழுக்க வெள்ளைப் பஞ்சு. இலவம்பஞ்சைப் பிய்த்து ஊதியதுபோல. "எவன்டா தலையணையைக் கிழிச்சது?" என்று கத்திக்கொண்டே ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்தாள். பஞ்சின் நுனியில் பழுப்பாக ஒரு விதை, எறும்பின் காலளவு.

வேறு யாராக இருந்தாலும் உதறிவிட்டுப் போயிருப்பார்கள். நில்சேயாவின் கை அப்படிப்பட்ட கை இல்லை. அன்னாசிக் காட்டில் எல்லாமே கன்றுதான். பழத்துக்குள் விதை வந்தால் வியாபாரி முகம் சுளிப்பான். இந்தக் குடும்பத்துச் செடி விதையிலிருந்து எப்படி வருகிறது என்று அவள் பார்த்ததே கிடையாது. பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம். துண்டிலிருந்து பஞ்சை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, நனைத்த தேங்காய் மட்டையில் ஒட்டினாள். கேக் டப்பாவின் மூடியைக் கவிழ்த்து, துவைக்கும் தொட்டிக்கு அடியில், நிழலில் வைத்தாள். மருத்துவமனைப் பிளாஸ்திரி ஒன்றைக் கிழித்து டப்பாவில் ஒட்டிப் பென்சிலால் எழுதினாள்: 'காற்று கொண்டுவந்தது, ஆகஸ்ட்.' வருடத்தையும் போட்டாள்.

முதல் வருடம் பச்சை மயிர்போல நாற்பது முளை. இரண்டாம் வருடம் புல். நத்தை தின்றது பாதி. ஜுவெந்தீனோவின் நாய் அந்த மட்டையில் படுத்து உருண்டு அழித்தது பத்து. ஒரு கொடும் வெயிலில் வெந்தது மிச்சம். ஐந்தாம் வருடம் எண்ணிப் பார்த்தால் ஒன்றே ஒன்று நின்றது. ஒவ்வொரு காலையும் பள்ளிக்குப் போகுமுன் அதற்கு விரல்நுனியால் தண்ணீர் தெளிப்பாள். தெளிக்காமல் ஒரு நாளும் படி இறங்கியதில்லை.

"நீ அதுக்குத் தண்ணி தெளிக்க ஆரம்பிச்சப்ப நம்ம பொண்ணு மூணாங்கிளாஸ்" என்பான் ஜுவெந்தீனோ. "இப்ப அவ மோட்டார் சைக்கிள் ஓட்டறா. இது இன்னும் என் கை அகலம் வரலை."

"யோவ், பொண்ணுக்கு நீயும் சோறு போட்டே. இதுக்கு என்ன போட்டே? உன் நாயைத்தான் போட்டே."

ஒன்பதாவது வருடத்தில் செடி ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்கு விரிந்தது. இலையின் அடிப்பக்கம் கறுஞ்சிவப்பு. மேலே பச்சையில் மங்கலான குறுக்குக் கோடுகள். சீமாட்டியின் சாயல் இருந்ததா? அடியைப் பார்த்தால் இருந்தது; மேலே பார்த்தால் இல்லை. பஞ்சு டாக்டர் தோட்டத்திலிருந்தும் வந்திருக்கலாம், அவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாறைமலையிலிருந்தும் வந்திருக்கலாம். காற்று என்ன விலாசம் சொல்லிவிட்டா வருகிறது? ஒன்பது வருடம் வளர்த்த பிள்ளைக்குப் பெயர் தெரியாதது நில்சேயாவுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அக்டோபரில் கோவில் மண்டபத்தில் கிளப்பின் கண்காட்சி நடக்கும். அதில் 'பெயரில்லாதவர்கள் மேசை' என்று ஒன்று உண்டு. ஊரில் யார் வேண்டுமானாலும் பெயர் தெரியாத புரோமேலியாவைக் கொண்டுவந்து வைக்கலாம். கிளப்காரர்கள் சுற்றி நின்று பெயர் கண்டுபிடிப்பார்கள். கூடவே ஒரு தட்டுத் தின்பண்டம் வைக்க வேண்டும். வெறும் வயிற்றில் பெயர் வராது என்பது அவர்கள் நியாயம். நில்சேயா தொட்டியையும் சோளமாவுக் கேக்கையும் தூக்கிக்கொண்டு போனாள். அன்றைக்கு நல்ல பூப்போட்ட கவுன் வேறு.

டாக்டர் எவரிஸ்டோ கேக்கில் ஒரு பெரிய துண்டை வாயில் போட்டுக்கொண்டு செடியிடம் குனிந்தார். இலையைத் திருப்பினார். மெல்லுவது நின்றது. தொட்டியில் ஒட்டியிருந்த பழைய பிளாஸ்திரியைப் படித்தார்.

"காற்று கொண்டுவந்தது" என்று உரக்க வாசித்தார். "காத்துக்குக் கை முளைச்சிருக்கு போல."

"என்ன சொல்றீங்க டாக்டர்?"

"இது என் சீமாட்டியோட கன்று. ரெண்டு வருஷம் முன்னாடி காணாமப் போனது. நீதானே அப்போ உள்ளே வந்து போய்க்கிட்டு இருந்தே?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. நில்சேயாவுக்குக் காது இரண்டும் எரிந்தன. அதைவிட அவளுக்கு ஆத்திரமாக வந்தது எது தெரியுமா? அந்த ஆள் திருடி என்று சொன்ன வாயில் அவள் சுட்ட கேக் இன்னும் பாதி இருந்தது.

"அந்த வருஷம் நான் உங்க வீட்டுக்கே வரலை. இது விதையில வந்த செடி. ஒம்பது வருஷம் ஆச்சு. வேணும்னா அடியைப் பாருங்க, தாய்கிட்டேருந்து வெட்டின தழும்பு இருக்கான்னு" என்றாள். அன்னாசிக் காட்டில் சின்னப் பிள்ளைகூடச் செடியைக் கவிழ்த்து அடியைப் பார்த்துத்தான் அது எங்கே பிறந்தது என்று சொல்லும்.

டாக்டர் தொட்டியிலிருந்து செடியை உருவிப் பார்த்தார். தழும்பு இல்லை. "ரெண்டு வருஷத்துல அதெல்லாம் அழுகி மறைஞ்சிடும்" என்றார். "விதை போட்டு வளர்க்கறதுக்குக் கிளப்புல எங்களுக்கே பொறுமை கிடையாது. இஸ்கூல்ல பீன்ஸ் வேகவைக்கிறவ வளர்த்தாளாம்!"

ஜுவெந்தீனோ சாட்சி சொல்ல வாயெடுத்தான். புருஷன் சாட்சியை எவன் எடுத்துக்கொள்வான்? பின்கட்டுத் தொட்டிக்கு அடியில் என்ன இருந்தது என்று வேறு யாரும் பார்த்ததில்லை. கிளப்பில் ஒருவர் மட்டும் நியாயமாகப் பேசினார்: கன்றாக இருந்தால் பூ சீமாட்டியை உரித்து வைத்ததுபோல இருக்கும், விதையாக இருந்தால் மாறி வரவும் கூடும், பூக்கட்டும் பார்ப்போம், இன்னும் மூன்று வருடத்தில் தெரிந்துவிடும்.

"மூணு வருஷமா?" என்றாள் நில்சேயா. "அதுவரைக்கும் நான் முக்காடு போட்டுக்கிட்டா திரியணும்?"

திங்கட்கிழமை காலை மர்லூசி டீச்சர் சமையலறைக்கு வந்தார். நல்ல மனுஷிதான். அவர் முகம் அன்று தொங்கிப்போயிருந்தது. "நான் நம்பலை நில்சேயா. ஆனா நாலு பெத்தவங்க கேட்டுட்டாங்க. விஷயம் முடியறவரைக்கும் சாவி என் மேசையில இருக்கட்டுமே."

நில்சேயா கையைத் துடைத்தாள். கயிற்றைத் தலை வழியே கழற்றி டீச்சரின் கையில் வைத்தாள். அன்றிலிருந்து தினமும் காலையில் ஆபீஸ் கிளார்க் வந்து சரக்கறையைத் திறப்பான். அரிசியை அளந்து போடுவான். அவள் கதவுக்கு வெளியே பாத்திரத்தை ஏந்திக்கொண்டு நிற்பாள். அந்தப் பயலுக்கு அரிசிக்கும் நொய்க்கும் வித்தியாசம் தெரியாது. பதினாறு வருடம் அவள் ஆண்ட இடம் அது. வீட்டுக்கு வந்து துவைக்கும் தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதாள். ஒரே ஒரு நாள்தான் அழுதாள். மறுநாள் பட்டறைக்குப் போய் ஜுவெந்தீனோவின் டப்பாவிலிருந்து ஒரு கார்பைடு கல்லை எடுத்தாள்.

வெல்டிங்குக்கு வாயு எடுக்கும் அதே கல். அன்னாசிக் காட்டில் அதற்கு வேறு வேலை உண்டு. செடியின் நடுக்குழியில் நிற்கும் தண்ணீரில் ஒரு துணுக்குப் போட்டால், பூக்க நேரம் வராத செடியும் பூத்தே தீரும். காடு முழுக்க ஒரே நாளில் பழுக்க வேண்டாமா, அதற்காக.

ஜுவெந்தீனோ கல்லையும் பார்த்தான், அவளையும் பார்த்தான். அவன் கிண்டல் எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"அது சின்னச் செடிடி. இப்பவே பூக்க வெச்சா கன்று விடாமலே செத்துப்போகும். ஒம்பது வருஷம்!"

"தெரியும்."

"சரி, பூக்குது. சீமாட்டி தனக்குத் தானே சூல் பிடிச்ச விதையா இருந்தா? பூ அம்மாவை அப்படியே உரிச்சு வெச்சிருக்குமே. அப்ப?"

"அப்பத் திருடிதான்" என்றாள் நில்சேயா. "இப்ப மட்டும் என்னவாம்?"

அவன் டப்பாவை மூடி வைத்தான். கையில் மிச்சமிருந்த ஒரே பொருளை, அதுவும் எந்தப் பக்கம் விழும் என்று தெரியாமல், முன்னால் எடுத்து வைக்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

அவள் அதோடு நிற்கவில்லை. விடிந்தும் விடியாமலும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வீட்டு வாசலில் போய் நின்றாள். டாக்டர் இரவு உடுப்போடு கதவைத் திறந்தார்.

"இந்தாங்க. இதை உங்க கண்ணாடி வீட்டுல, உங்க பூட்டுக்குள்ளேயே வைங்க. என் வீட்டுல இருந்தா நான் மாத்தி வெச்சேன்னு நாளைக்குச் சொல்வீங்க. பூ சீமாட்டி மாதிரியே வந்தா, செடி உங்களுக்கு, கெட்ட பேரு எனக்கு. வேற மாதிரி வந்தா, நீங்களே இஸ்கூலுக்கு நடந்து வந்து, டீச்சர்கிட்டேருந்து சாவியை வாங்கி என் கையில குடுக்கணும்."

திருடிய பொருளைத் திருடியே கொண்டுவந்து சொந்தக்காரன் பூட்டுக்குள் வைப்பாளா? டாக்டருக்கு அப்போதே உள்ளுக்குள் ஏதோ இடறியிருக்க வேண்டும். வீம்பு விடவில்லை. "பூக்க வருஷமாகுமே" என்றார். "ஆப்பிளும் செடியும் ஒரே பையில போட்டுக் கட்டி வெச்சா சீக்கிரம் பூக்கும்னு..."

"ஆப்பிளை நான் தின்னுக்கறேன். தள்ளுங்க."

கண்ணாடி வீட்டில் வெயில் ஏறும் முன்பே வேலை முடிந்தது. பட்டாணி அளவு கல். குழித் தண்ணீரில் விழுந்ததும் புஸ்ஸென்று நுரைத்தது. அழுகின பூண்டு நாற்றம். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"கொன்னுட்டியே! அறிவிருக்கா உனக்கு?"

"ஒரு நாளைக்கு ஆயிரம் செடிக்குப் போட்டிருக்கேன் டாக்டர். நீங்க எத்தனை பல்லு பிடுங்கியிருப்பீங்களோ, அதைவிட ஜாஸ்தி." சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

நவம்பர் போனது. டிசம்பரில் கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடினார்கள். செடியைப் பார்க்க அவள் ஒருமுறையும் போகவில்லை; போனால் ஏதாவது செய்தாள் என்று பேச்சு வரும். காலையில் தெளிக்கத் தண்ணீர் எடுத்த விரல் சும்மா நிற்கும். கடையில் எடை போடும்போது கடைக்காரர் அவள் கையைப் பார்க்கிறாரோ என்று தோன்றும். பார்த்திருக்கமாட்டார். கெட்ட பெயர் வந்தால் அப்படித்தான், பார்க்காதவன் கண்ணும் குத்தும்.

டாக்டர் கதை வேறு. அவர் தினமும் அந்தத் தொட்டிமுன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார் என்று அவர் வீட்டுச் சமையல்காரி சொன்னாள். முந்நூறு தொட்டியும் போதாதென்று, பழிபோட்ட செடிக்குக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல். ஜனவரி பிறந்து இரண்டாவது வாரம், நில்சேயா துணி அலசிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கூச்சல்.

"நில்சேயா! ஏய் நில்சேயா! தண்டு வருது! நடுவுல சிவப்பா முனை விட்டிருக்கு!"

சண்டையே மறந்துபோன குரல். அவளும் மறந்து, சோப்புக் கையோடு கவிழ்த்த வாளிமேல் ஏறிச் சுவரைப் பிடித்துவிட்டாள். "எவ்வளவு உசரம்? கிளை பிரியுதா?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் கிளை பிரிந்தால் என்ன அர்த்தம் என்பது நினைவுக்கு வந்தது. சீமாட்டியின் தண்டுதான் கிளை பிரியும்.

"இன்னும் தெரியலை" என்றார் டாக்டர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் இறங்கிக்கொண்டார்கள்.

பூ விரிந்தது கார்னிவல் திருவிழா முடிந்த வாரம், பள்ளி திறந்த பிறகு. டாக்டர்தான் எல்லோரையும் கூப்பிட்டனுப்பினார். கிளப்காரர்கள், மர்லூசி டீச்சர், பட்டறையை அப்படியே போட்டுவிட்டு வந்த ஜுவெந்தீனோ. நில்சேயா சமையலறை ஏப்ரனோடு வந்து கண்ணாடி வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே கால் வைக்கத் தைரியம் வரவில்லை.

"வா, வந்து பாரு" என்றார் டாக்டர்.

தண்டு கிளை பிரியவில்லை. ஒற்றைத் தண்டு, தட்டையாக, கத்திபோல நின்றது. கத்தியின் மடல்கள் சீமாட்டியின் அதே கறுஞ்சிவப்பு. ஓரத்தில் மட்டும் மஞ்சள் கரை, தைத்து வைத்ததுபோல. ஒவ்வொரு மடலின் இடுக்கிலிருந்தும் மஞ்சள் பூ எட்டிப் பார்த்தது. அடேயப்பா! முந்நூறு தொட்டியும் அதன்முன் மூச்சுக் காட்டவில்லை. சொன்னால் சொன்னதுதான், எங்கள் ஊரில் அப்படியொரு பூவை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை.

டாக்டர் சட்டைப் பையிலிருந்து பல் பார்க்கும் குட்டி வட்டக் கண்ணாடியை எடுத்தார். பூவுக்குள் அதை நுழைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார், வெளியே நடந்தார், வாசலைத் தாண்டினார், தெருவைக் கடந்தார். பஸ் நிறுத்தத்துச் சுவர்மேல் எங்கள் ஊரில் கத்திச்செடி என்று ஒன்று மண்டிக் கிடக்கும். சீந்துவார் இல்லாத செடி. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் அதன்மேல் சிகரெட்டை அணைப்பார்கள். கிளப்காரர்கள் அதைப் புரோமேலியா என்றே மதிப்பதில்லை. டாக்டர் அதிலிருந்து ஒரு மஞ்சள் பூந்தண்டை ஒடித்துக்கொண்டு திரும்பி வந்து, நில்சேயாவின் பூவுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

அதே தட்டைக் கத்தி. அதே மஞ்சள் பூ.

"தாய் என் சீமாட்டி" என்றார். "தகப்பன் இது. ஏதோ தேன்சிட்டு பஸ் ஸ்டாப்புல மூக்கை விட்டுட்டு என் கண்ணாடி வீட்டுல வந்து விட்டிருக்கு. இது கன்று இல்லை. கன்றா இருக்கவே முடியாது. ஒம்பது வருஷம் முன்னாடி ஒரு தடவை நான் சீமாட்டியோட தண்டை வெட்டாம விட்டேன். கிளப்ல கோப்பை வாங்கின தண்டு, காய்ஞ்ச பிறகும் அழகுக்குன்னு விட்டு வெச்சேன். காய் வெடிச்சிருக்கு. முப்பது வருஷமா கன்று வெட்டி வெட்டியே வளர்த்தவன் நான். விதை சுவரைத் தாண்டும்னு எனக்குத் தோணவே இல்லை."

ஜுவெந்தீனோ மெல்ல ஒரு விசில் அடித்தான். "ஆக, சீமாட்டியம்மா பஸ் ஸ்டாப்புல ஒருத்தனைப் பிடிச்சிருக்காங்க" என்றான். மர்லூசி டீச்சர்தான் முதலில் சிரித்தார். நில்சேயா சிரிக்கவில்லை. அவள் டாக்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொன்ன சொல்லு?" என்றாள்.

மறுநாள் மதியம், பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கும் நேரம். டாக்டர் எவரிஸ்டோ கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தார். டீச்சரிடமிருந்து சாவியை வாங்கினார். இருநூறு பிள்ளைகள் பார்க்க, சமையலறை ஜன்னல்முன் வந்து நின்றார்.

"நான் உங்களைத் திருடின்னு சொன்னேன். ஊரறியச் சொன்னேன். அது பொய். நீங்க வளர்த்தது என்னால இந்த ஜென்மத்துல வளர்க்க முடியாதது." அவளை 'நீங்க' என்று அவர் சொன்னது அதுவே முதல் தடவை. "என்னை மன்னிச்சிடுங்க."

நில்சேயா சாவியை வாங்கிக் கழுத்தில் போட்டாள். ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்தாள். பிறகு அவளுடைய பழைய அதட்டல் திரும்பி வந்தது. "வரிசையை மறிச்சுக்கிட்டு நிக்காதீங்க டாக்டர். ஒரு தட்டை எடுத்துக்கிட்டுப் பின்னால போங்க. இன்னைக்குக் கோழி."

டாக்டர் போய் நின்றார். இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்குப் பின்னால் நின்று, தட்டை நீட்டி, அரிசியும் பீன்ஸும் கோழியும் வாங்கி, பிள்ளைகளின் குட்டிப் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து வழித்துச் சாப்பிட்டார். கிளார்க்கிடம் கேட்டால், இரண்டாம் முறையும் வாங்கினார் என்பான்.

விதையிலிருந்து வளர்த்தவர்தான் புதுச் செடிக்குப் பெயர் வைக்க வேண்டும் என்பது கிளப் வழக்கம். சீமாட்டியின் மகள், மலை இளவரசி என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். "ஏற்கெனவே எழுதி வெச்சிருக்கேனே" என்றாள் நில்சேயா. அலுமினியத் தகட்டில் டாக்டரே தன் கையால் எழுதினார்: 'காற்று கொண்டுவந்தது.' காணாமல் போன கன்று என்ன ஆனது என்று இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. மருமகனின் கடலோர வீட்டு பால்கனியில் கறுஞ்சிவப்பாக ஒரு செடி இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். டாக்டர் அங்கே போய்ப் பார்க்க ஆசைப்படவில்லை.

ஜுவெந்தீனோ பயந்ததுதான் நடந்தது. அவசரப்படுத்திப் பூக்கவைத்த செடி கன்று விடவில்லை. துவைக்கும் தொட்டிப் பக்கம் திரும்பி வந்து, இலை இலையாகக் காய்ந்தது. டாக்டர் வாரம் ஒருமுறை வந்து மண்டிபோட்டு அடியைப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது. பெருமூச்சு விட்டுக்கொண்டு காப்பி குடித்துவிட்டுப் போவார். நில்சேயாவும் காலையில் பட்டுப்போகும் செடிக்குத் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தவில்லை. தண்டில் மட்டும் காய்கள் முற்றிக்கொண்டு வந்தன.

ஆகஸ்ட். காற்றுக் காலம். ஒரு காலையில் காய்கள் வெடித்து வெள்ளைப் பஞ்சு வெளியே தலைநீட்டியது. நில்சேயா ஒரு பிடி பொறுக்கித் தேங்காய் மட்டையில் ஒட்டிவிட்டு நிமிர்ந்தபோது, சுவருக்குமேல் டாக்டரின் வழுக்கைத் தலை.

"நில்சேயாம்மா, ஒரு சிட்டிகை விதை..."

"கன்று இருந்தா குடுத்திருப்பேன்."

"விதை போதும். ஒரே ஒரு சிட்டிகை."

"எனக்கு யாரும் கையில குடுக்கலையே டாக்டர். துண்டை நனைச்சுக் கொடியில போட்டுட்டு நில்லுங்க. வந்தா வரட்டும்."

"ஒம்பது வருஷமாகுமே! எனக்கு எழுபத்தாறு நடக்குது."

"அதனாலதான் சொல்றேன். இன்னைக்கே போடுங்க."

தலை மறைந்தது. அவள் தொட்டியில் கிடந்த துணிகளை அலசி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, கவிழ்த்த வாளிமேல் ஏறி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். டாக்டர் வீட்டுக் கொடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஈரத்துண்டுகள்; குளிக்கிற துண்டு, முகம் துடைக்கிற துண்டு, மேசைவிரிப்பு, ஜன்னல் திரை. நடுவில் அவர், கைகளைக் கட்டிக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி.

காற்று அன்றைக்கென்று பார்த்து எதிர்ப்பக்கமாக அடித்தது. நில்சேயா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இறங்கி, காய்ந்த பூந்தண்டை அடியோடு ஒடித்து எடுத்துவந்து, சுவருக்குமேல் கையை நீட்டி ஓங்கி ஓர் உலுக்கு உலுக்கினாள்.